பிளாஸ்டிக் உருக்கைக் கண்காணிக்கும் மீயொலி உணரி

குழாய், தாள் போன்றவற்றை வார்க்கும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் பொருத்தப்படும் உணரி இது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அழுத்தமின் விளைவே இதன் அடிப்படை. மின்துடிப்பு பட்டதும் உள்ளிருக்கும் படிகம் அதிர்ந்து, செவிக்கு எட்டாத ஒலியை உருகிய பிளாஸ்டிக்கினுள் செலுத்துகிறது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஒலியின் வேகம் கணக்கிடப்படுகிறது.

அடர் பாலிஎத்திலீன் திடநிலையில் இருக்கையில் ஒலி நொடிக்கு 2,000 மீட்டருக்கு மேல் செல்லும். உருகியதும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். உருக்கின் வெப்பம் ஏறினால் வேகம் மேலும் குறையும், அழுத்தம் ஏறினால் கூடும். பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கப்பட்டு, அது சரிவரக் கலக்காவிட்டால் எதிரொலியின் வலிமை மாறும்.

200 பாகை செல்சியசை எட்டும் சூடு படிகத்தைக் கெடுக்காதிருக்க, முன்னால் ஓர் எஃகுத் தண்டு உண்டு. ஒலி அதன் வழியே உருக்கை அடைகிறது.