கரடிக்குட்டிக்குக் காடு உண்டு

தாயை இழந்த குட்டிகளை மனிதர்கள் வளர்க்கலாம். திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம்

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கன்ஹேரி குகைகளைப் பார்க்கப் போகும் தமிழர்கள் பலருக்குத் தெரியாது: அதே போரிவிலி காட்டுக்குள், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில், சிறுத்தை மீட்பு மையம் ஒன்று இருக்கிறது. தாயைப் பிரிந்து, புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிகளும் அங்கே வளர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு ஆயுள் முழுக்கக் கூண்டுதான். வேட்டையாடக் கற்றுத்தரத் தாய் இல்லை; மனிதனைக் கண்டால் பயமும் இல்லை. அப்படிப்பட்ட சிறுத்தையை, வேலிக்கு அப்பால் அடுக்குமாடிகளும் குடிசைகளும் நெருக்கும் ஊரில் யார் திறந்துவிடுவார்கள்? 2004-ல் சிறுத்தை தாக்கிப் பலர் இறந்ததை மும்பை மறக்கவில்லை.

கரடிக்குட்டியின் ஜாதகம் கொஞ்சம் பரவாயில்லை.

அருணாச்சலப் பிரதேசத்தின் பக்கே புலிகள் காப்பகத்தில், மாநில வனத்துறையும் வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அமைப்பும் 2002-ல் ஒரு கரடி மறுவாழ்வு மையத்தைத் தொடங்கின. வருபவை, மார்பில் பிறை போன்ற வெண்பட்டை உள்ள ஆசியக் கருங்கரடிக் குட்டிகள். பெரும்பாலும் கதை ஒன்றுதான். இறைச்சிக்காகவோ பித்தப்பைக்காகவோ தாய் சுடப்படும். குட்டியை யாராவது வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். பொம்மை போல் இருக்கும்வரை கொஞ்சுவார்கள். நகம் நீண்டதும் வனத்துறையைத் தேடுவார்கள்.

முதலில் புட்டிப்பால், கஞ்சி, பழம். பிறகுதான் நிஜமான பாடம். பராமரிப்பாளர் காட்டுக்குள் நடப்பார். குட்டிகள் பின்னால் ஓடும். அவர் எதையும் சொல்லித்தருவதில்லை, கூடவே இருப்பார், அவ்வளவுதான். குட்டிகள் தாமாகவே மரம் ஏறும், கட்டையைப் புரட்டி எறும்பு தேடும், எந்தப் பழம் ருசி என்று தின்று பார்க்கும். சிறுத்தைக்கு இல்லாத வசதி இது: கரடிக்கு மான் அடிக்கத் தெரிய வேண்டியதில்லை, பழமும் பூச்சியும் போதும். இப்படி மாதக்கணக்கில் நடை. காட்டில் தாய்க்கரடியே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குட்டியைக் கூட வைத்திருக்கும் என்பதால், அவசரப்பட முடியாது.

சிக்கல் பாசத்தில்தான். குட்டிக்குத் தாய் மாதிரி ஒருவர் வேண்டும். ஆனால் அவரையன்றி வேறு மனிதர்களிடம் அது ஒட்டக்கூடாது. அதனால் ஓரிருவர் தவிர யாரும் நெருங்குவதில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஆக்ரா மையத்தின் கரடிகளுக்கு இந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. வித்தைக்காரர்கள் மூக்கைச் சூட்டுக்கம்பியால் துளைத்து, பல்லை உடைத்து ஆட்டிய கரடிகள் அவை. திரும்பவும் காட்டில் பிழைக்காது.

பக்கேயில் குட்டி ஒருநாள் இரவு முகாமுக்குத் திரும்பாது. பிறகு இரண்டு நாள், மூன்று நாள். கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியிருப்பதால் போகுமிடம் தெரியும். சில குட்டிகள் மனிதரைவிட்டு விலகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவற்றுக்கு மறுபடி கூண்டுதான். விலகிப்போனதை மட்டும் பராமரிப்பாளர் கூப்பிடுவதில்லை. ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்தே சத்தத்தைக் கேட்கிறார்.