எவர்சில்வர் வெல்டிங்கின் ஓரத்தில் வரும் அரிப்பு

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள குரோமியம். குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால், குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே வளர்ந்துவிடும். இதே உலோகத்தை வெல்டிங் செய்தபின், சில தொட்டிகளிலும் குழாய்களிலும் இணைப்பை ஒட்டியே அரிப்பு தொடங்குகிறது. அதிலும் உருகி இணைந்த இடத்தில் அன்று. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, இருபுறமும் கோடு போட்டது போல.

இதற்குக் குற்றவாளி கார்பன். வழக்கமான 304 ரகத்தில் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல், அதிகபட்சம் 0.08 விழுக்காடு கார்பன் உண்டு. உலோகம் ஏறக்குறைய 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் சிறிது நேரம் நின்றால், கார்பன் அணுக்கள் படிகத் துகள்களின் எல்லைகளுக்கு நகர்ந்து, அங்குள்ள குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகப் படிகின்றன. ஒரு கிராம் கார்பன் பதினாறு கிராமுக்கு மேல் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்த உலோகத்தையும் கணக்கிட்டால் இந்த இழப்பு அற்பம். ஆனால் குரோமியம் மெதுவாக நகரும் தனிமம். தொலைவிலிருந்து வந்து அந்தக் குறையை நிரப்ப அதற்கு நேரம் போதாது. எனவே இழப்பு முழுவதும் எல்லையோரத்தின் மேலேயே விழுகிறது. அங்கே குரோமியம் குறைந்ததும் படலம் நிலைக்காது. அமிலமோ உப்புநீரோ அந்த எல்லைகளின் வழியே உள்ளே இறங்கும். துகள்கள் பிடிப்பற்று உதிர்வதும் உண்டு. மேலே பளபளப்பு குறையாமலே உள்ளே வலு போய்விடுவதுதான் இந்த அரிப்பின் பெரிய ஆபத்து.

அரிப்புக் கோடு இணைப்பிலிருந்து தள்ளி விழுவதன் காரணமும் இதுவே. உருகிய இடம் அந்த வெப்ப வரம்பை விரைவாகக் கடந்து குளிர்கிறது. சற்றுத் தள்ளியுள்ள பட்டைதான் அதற்குள் அதிக நேரம் தங்குகிறது. மெல்லிய தகடு சட்டென ஆறிவிடுவதால் தப்பிக்கும். தடித்த தகட்டில் பல அடுக்காக வெல்டிங் போடும்போது ஆபத்து கூடும்.

கார்பனை 0.03 விழுக்காட்டுக்குள் அடக்கிய 304எல், 316எல் ரகங்கள் எளிய தீர்வு. 321 ரகத்தில் டைட்டானியமும் 347 ரகத்தில் நியோபியமும் குரோமியத்துக்கு முன்பே கார்பனைப் பிடித்துக்கொள்கின்றன. ஏற்கெனவே கெட்ட பொருளை 1050 டிகிரி அளவில் சூடாக்கி நீரில் சட்டெனக் குளிர்வித்தால் கார்பைடு கரைந்துவிடும். ஆனால் பெரிய தொட்டியை அப்படிச் சூடாக்க எந்த உலை கிடைக்கும்?

எல் ரகங்கள் பரவியபின் இந்த வகை அரிப்பு அரிதாகிவிட்டது. இன்று பெரும்பாலான தொல்லை வேலையின் சுத்தத்தில்தான் இருக்கிறது. வெல்டிங்கைச் சுற்றித் தெரியும் மஞ்சள், நீல நிறங்கள் அழகுக்குறை மட்டுமல்ல. அந்தத் தடித்த ஆக்சைடுக்குக் கீழே குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கிறது. குளோரைடு கலந்த நீரில் குழி அரிப்பு அங்கிருந்தே தொடங்கும். சாதாரண இரும்பு பிரஷால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் ஒட்டித் துருவாகும். குழாயின் உட்புறம் ஆர்கான் வாயு நிரப்பாமல் வெல்டிங் செய்தால் கருகிய விளிம்பு உள்ளேயே நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது. முழுமையாக ஊடுருவாத இணைப்பின் இடுக்கில் நீர் தேங்கி அரிக்கும். வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசையோடு குளோரைடும் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் சேர்ந்தால் விரிசலே விழலாம்.

வெல்டிங் கோட்டில் காந்தம் லேசாக ஒட்டினால் சரக்கு போலி என்று நினைக்க வேண்டாம். உருகிய உலோகம் உறையும்போது விரிசல் விழாமலிருக்க, காந்தம் ஒட்டும் பெரைட் என்ற படிக வடிவம் அதில் கொஞ்சம் வேண்டுமென்றே விடப்படுகிறது.

நிறம் படிந்த இடத்தை நைட்ரிக், ஹைட்ரோபுளோரிக் அமிலங்கள் கலந்த பிக்ளிங் பேஸ்ட் பூசிக் கழுவுவது வழக்கம். ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலை ஊடுருவி எலும்புவரை பாதிக்கும் என்பதால் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. தொட்டி செய்யச் சொல்பவர்கள் ‘304’ என்று மட்டும் எழுதாமல், 304எல் தகடு, 308எல் வெல்டிங் கம்பி, வெல்டிங்குக்குப்பின் பிக்ளிங் என மூன்றையும் ஆர்டரிலேயே குறிப்பிடுவது நல்லது.