மலையேறப் போகலாம் – 4: பைக்குள் எது, வீட்டில் எது?

மத்தூர்க்காரருக்கு மலை தூரமில்லை. கிழக்கே திருப்பத்தூர் வழியாகப் போனால் ஏலகிரி. மேற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மேலகிரி. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 தடங்களில் குத்திராயன் சிகரமும் அய்யூர்–சாமேரியும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஏலகிரியின் சுவாமிமலையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓசூர் சிப்காட்டிலோ போச்சம்பள்ளியிலோ ஷிஃப்ட் முடித்துவிட்டு, வாரவிடுமுறையில் ஒரு மலை ஏறிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற இளைஞருக்கு முதலில் எழும் கேள்வி, ‘என்னென்ன வாங்கணும்?’ என்பதுதான்.

செல்போனில் தேடினால் நீளமான பட்டியல் வரும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மடக்கு அடுப்பு, அலுமினியப் பாத்திரம், 60 லிட்டர் பை. எல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும். வாங்கிவிடாதீர்கள். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாள்கணக்கில் காட்டில் தங்கி நடப்பவர்களுக்கான பட்டியல். நம் காட்டின் சட்டமும் வேறு, ஆபத்தும் வேறு.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம். காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டமே தடுக்கிறது. போதாததற்கு, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காடுகளில் பெரும்பரப்பு 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு எனக் காட்டுயிர்ச் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டது. முதன்முதலாகப் போகிறவருக்கு நேர்வழி ஒன்றுதான்: அனுமதி பெற்று, வழிகாட்டியோடு காலையில் ஏறி, அன்றைக்கே இறங்கிவிடுவது. அதற்குக் கூடாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பாதிச் செலவும் பாதிச் சுமையும் இங்கேயே கழிந்துவிடுகின்றன.

பணம் போட வேண்டியது காலுக்கு. தொழிற்சாலையில் கொடுத்த சேஃப்டி ஷூ கனமாக, உறுதியாக இருக்கிறதே என்று அதையே மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பாதம் முன்னே சரியும்; உள்ளே இருக்கிற இரும்பு மூடியில் கட்டைவிரல் நகம் ஒவ்வோர் அடிக்கும் இடிக்கும். அரைமணி நேரத்தில் நகக்கண் கன்றிப்போகும். அடிப்பாகத்தில் நல்ல வெட்டுகள் உள்ள, வளைந்து கொடுக்கிற ஷூ போதும். அதைச் சாயங்காலத்தில் போய் வாங்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். புது ஷூவோடு நேராக மலைக்குப் போகக் கூடாது. இரண்டு வாரமாவது வேலைக்கும் கடைக்கும் போட்டு நடந்து பழக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் கால் நகம் வெட்டிக்கொள்வது, விலையுயர்ந்த ஷூவை விடப் பலன் தரும்.

ஒருநாள் நடைக்கு 20 அல்லது 25 லிட்டர் பை தாராளம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறாமல் பார்த்துக்கொள்வது பொதுவான கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 6 கிலோ. எடை கூடியது முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வர வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். இடுப்புப் பட்டி இருந்தால் அதை வயிற்றில் கட்டாமல், இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி இறுக்க வேண்டும். பாரம் தோளிலிருந்து இறங்கிவிடும்.

விலை உயர்ந்த சாமான் இல்லாமல் நடக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் எம்மா கேட்வுட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர், பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955-இல், தம் 67-ஆவது வயதில், அப்பலேச்சியன் மலைத்தடம் முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். தோளில் அவரே தைத்த துணிப்பை. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. மழைக்கு மறைப்பாகக் குளியலறைத் திரைச்சீலை. நம்மிடமும் இதற்குக் குறையாத பழக்கம் இருக்கிறது. ஐயப்ப பக்தர்களின் இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி நடப்பவரின் சொந்தத் தேவைக்கு. அந்தப் பின்முடிக்குள் அடங்குவதை வைத்துத் தலைமுறை தலைமுறையாக மலை ஏறியிருக்கிறார்கள்.

பையில் மிகக் கனமான பொருள் தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. ஆனாலும் அதில் மட்டும் சிக்கனம் கூடாது. மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கிட்டால் ஐந்து மணி நேர நடைக்கு இரண்டரை லிட்டர் வேண்டும். எவர்சில்வர் பாட்டில் கனமென்பதால் ஒன்று போதும்; மீதியை லேசான, திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பாட்டிலில் பிரித்துக்கொள்ளலாம். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் சோர்வு தீராது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு இருக்கட்டும். உறையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வீட்டு அடுப்படியே போதும். களி இங்கே அன்றாட உணவு என்றாலும் மலைக்கு ஆகாது. ஆறினால் இறுகும், குழம்பும் கேட்கும். அதே ராகி மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுத் தட்டிய அடை, மதியம் வரை மெத்தென்று இருக்கும். புளிச்சாதம் அதைவிடத் தாங்கும்; புளியும் உப்பும் நல்லெண்ணெயும் கெடவிடாது. பக்குவம் கட்டுவதில் இருக்கிறது. சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பிப் புளிக்காய்ச்சலைக் கரண்டியால் கிளறி, சூடு முழுக்க ஆறிய பிறகே கட்ட வேண்டும். ஆவியோடு மூடினால் உள்ளே வியர்த்து, பத்து மணிக்கே ஊசிப்போகும். வாழையிலையை அனலில் வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. தயிர்சாதம் வேண்டுமென்றால் பாலை நிறைய விட்டு, தயிரை உறைக்கு மட்டும் சேர்த்துப் பிசைய வேண்டும். சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக இருக்கும்.

சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். நூறு கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி. அதே எடை வேர்க்கடலையில் 560-க்கு மேல். அதனால் நடைக்கு நடுவே கொறிக்க வறுத்த கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், பொட்டுக்கடலையும் வெல்லமும் என்று சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்வது நல்லது. பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்கக் கூடாது. மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி போட்டுக்கொள்ள வேண்டும். வாழைப்பழம், மாம்பழம் வேண்டாம். தோலும் கொட்டையும் திரும்பி வரும்வரை சுமை, வாசனை வேறு.

வாசனை சாதாரண விஷயமில்லை. ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. மீந்த சோற்றை மரத்தடியில் கொட்டிவிட்டு வருவது குரங்குக்கும் யானைக்கும் மனிதச் சாப்பாட்டைப் பழக்கிவிடும் காரியம். கொண்டுபோனதில் உண்டது போக மீதி அத்தனையும், இலை உட்பட, பையில் திரும்பி வர வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை இருக்கிறது. பிஸ்கட், சிப்ஸ் உறைகளை வீட்டிலேயே பிரித்துப்போட்டு டப்பாவுக்கு மாற்றிவிட்டால் காட்டுக்குள் குப்பைக்கே இடமிருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது. சீக்கிரம் உலரும் பேன்ட், முழுக்கைச் சட்டை, தொப்பி. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கோட்டு. மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, டார்ச், விசில், பிளாஸ்திரி, கிரேப் பேண்டேஜ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் சார்ஜ் நிற்கும்.

இவ்வளவையும் கட்டி முடித்ததும் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் பையை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே ஷூ, அதே பை, அதே புளிச்சாதத்தோடு ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு ஏறி இறங்குங்கள். 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படை பிடித்த கோட்டை அது. எந்தப் பட்டி தோளை அறுக்கிறது, எந்தப் பொருள் பையை விட்டு வெளியே வரவேயில்லை என்பதை அங்கே குறித்துக்கொண்டு, அதன் பிறகு குத்திராயனுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

(அடுத்த வாரம்: யானை நடமாடும் தடத்தில் நடப்பது எப்படி?)