ஓருகல்லுக்கு ஒரு பகல்

ஹைதராபாத்திலிருந்து காகதீயர் தலைநகருக்கு ரயிலில் போய்த் திரும்ப ஒரு நாள் போதும். ஆனால் ஆசைகளில் ஒன்றைக் கைவிட வேண்டும்.

டெல்லியில் வேலை பார்த்த தமிழர்களுக்கு வாரங்கல் என்றால் ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்கும் சில நிமிடங்களில் ஜன்னல் வழியே டீ வாங்கியதோடு சரி. மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்று இப்போது ஹைதராபாத்தில் எங்களோடு இருக்கும் என் மாமனாரும் அப்படித்தான். "எழுபது தடவையாவது கடந்திருப்பேன். ஒரு தடவைகூட இறங்கினதில்லை" என்பார். வயது 76. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போவதென்றால் இந்தக் குளிர்காலமே என்று முடிவாயிற்று.

வாரங்கல்லின் பழைய பெயர் ஓருகல்லு. தமிழருக்கு உரை தேவையில்லை. ஒரு கல்தான். கோட்டைக்குள் நிற்கும் ஒற்றைப் பாறைக் குன்று தந்த பெயர்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் சண்டை. ஏழாவது படிக்கும் மகனுக்கு ராமப்பா கோவில்தான் வேண்டும். 1213இல் கட்டப்பட்டது, 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் விமானத்தின் செங்கல் தண்ணீரில் மிதக்கும். ஆசை நியாயமானதுதான். ஆனால் அது இருப்பது வாரங்கல்லிலிருந்து 65 கி.மீ.க்கும் அப்பால் பாலம்பேட்டையில். போய்வரும் சாலைப் பயணமே பகலின் பாதியைத் தின்றுவிடும். கோட்டைக்கு மிஞ்சுவது அரை மணி. ராமப்பாவை விட்டோம். பையன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரயில் விஷயத்தில் இரண்டு யோசனைகள். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுங்கள். மாலை வண்டிகள் விஜயவாடாவுக்கும் அப்பாலிருந்து நிரம்பி வருகின்றன, தாமதமாகவும் வருகின்றன. இரண்டாவது, புறப்படும் நிலையம் எது என்று டிக்கெட்டில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 2025 ஜனவரியில் சேர்லப்பள்ளி முனையம் திறக்கப்பட்ட பிறகு சில வண்டிகள் அங்கே மாறிவிட்டன. செகந்திராபாத்தில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது வேதனை.

செகந்திராபாத்திலிருந்து வாரங்கல் 142 கி.மீ., எக்ஸ்பிரஸில் இரண்டரை மணிக்குள். வழியில் போன்கிர் வரும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுங்கள். ஒரே பாறையாக எழும் குன்றின் மேல் கோட்டை. ஊரின் இன்னொரு பெயர் புவனகிரி. கடலூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வாரங்கல்லுக்கு 10 கி.மீ. முன்னால் இருக்கும் காஜிப்பேட்டையிலேயே இறங்கிவிடுவது நல்லது. ஆட்டோவில் ஹனம்கொண்டா போய் ஆயிரங்கால் கோவிலைக் காலையிலேயே பார்த்துவிடலாம். 1163இல் ருத்ரதேவன் எழுப்பியது. சிவன், விஷ்ணு, சூரியன் மூவருக்கும் சந்நிதி. எதிரே கல்யாண மண்டபம். காகதீயர்கள் மணலை நிரப்பி அதன்மேல் கடைக்கால் போட்டவர்கள். அந்த அடித்தளம் பலவீனப்பட்டதால் 2006இல் மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். மீண்டும் அடுக்கித் திறந்தது 2024 மார்ச்சில். பதினெட்டு வருடம்! கட்டியவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

மதியம் புளியோதரையும் தயிர் சாதமும். கோட்டையில் நிழல் குறைவு என்பதால் மூன்று மணிக்குமேல் போனோம். கணபதிதேவன் தொடங்கி, மகள் ருத்ரமதேவி முடித்த கோட்டை இது. அவள் ஆட்சியை மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகள் புகழ்கின்றன. மண் மதிலுக்குள் அகழி, அகழிக்குள் கல் மதில். அதற்குள் இன்றும் ஒரு கிராமம் வாழ்கிறது. மதில் வாசலைத் தாண்டி எருமைகள் போகின்றன, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.

நடுவில் அந்த நான்கு தோரணங்கள், திசைக்கொன்றாக, ஏறக்குறைய 30 அடி உயரத்தில். 2014இல் தெலங்கானா பிறந்தபோது அரசு முத்திரையில் ஏறியது இந்தத் தோரணம்தான். நான்குக்கும் இடையில் வெட்டவெளி. விழுந்த தூண்கள், உடைந்த உத்தரங்கள், பாதி நந்திகள்.

"தாத்தா, கோவில் எங்கே?" என்றான் பையன்.

"நீ நிக்கிறியே, அதுதான்."

1323இல் உலூக் கான், பின்னாளில் முகமது பின் துக்ளக், பிரதாபருத்திரனைத் தோற்கடித்த பிறகு இடிக்கப்பட்ட சுயம்பு சிவன் கோவிலின் வாசல்கள் அவை. தோரணங்களில் தாமரை மொட்டும் மாலையும் அன்னமும் இருக்கின்றன, தெய்வ உருவம் இல்லை. அதனால்தான் தப்பின என்று சொல்வார்கள். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான்கையும் சுற்றி வந்தான், சாமி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. ஒரு மணி நேரம் பிடித்தது. மாமனார் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "அவசரமில்லை, பார்க்கட்டும்" என்றார்.

கோட்டையிலிருந்து வாரங்கல் ஸ்டேஷன் ஆட்டோவில் சிறிது நேரம்தான். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். மாமனார் கடைவரை நடந்துபோய் ஐந்து டீ சொன்னார்.