வலி ஊசிக்கு முன் ஓர் எக்ஸ்ரே

"மேட்டிங் விட்டு 65 நாளாச்சு சார், இன்னும் குட்டி போடலை. ஒரு வலி ஊசி போட்டுடலாமா?"

நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. மாட்டுக்கென்று வாங்கிவைத்த ஆக்ஸிடோசின் பக்கத்து வீட்டில் இருந்தால், மருத்துவரைப் பார்க்காமலே ஊசி ஏறிவிடுகிறது. பெட்டையையும் குட்டிகளையும் ஒருசேரப் பறிகொடுக்க இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

முதல் பிழை நாள் கணக்கில்தான். மேட்டிங் ஆன நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் நாய் ஈனலாம். ஆணின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஒரு வாரம்கூட உயிரோடு காத்திருக்கும் என்பதே காரணம். கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 63. அந்த நாளை அறிய, மேட்டிங் சமயத்திலேயே ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவருக்கு 65 என்பது வெறும் எண். வயிற்றில் இருப்பவை இன்னும் நாலு நாள் குறைவான குட்டிகளாக இருக்கலாம். நுரையீரல் முதிராத குட்டி வெளியே வந்து மூச்சுவிடத் தவிக்கும்.

பிரசவத்தைத் தொடங்கிவைப்பவை குட்டிகளே. அவை வளர்ந்து முதிர்ந்ததும் அவற்றின் உடலில் கார்டிசோல் கூடுகிறது. அதைத் தொடர்ந்து தாயின் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அடுத்த ஒரு நாளுக்குள் வலி வரும். இந்தச் சரிவோடு உடல் வெப்பமும் இறங்குவதால், அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கடைசி வாரத்தில் தினமும் இரண்டு மூன்று முறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 38.5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் வெப்பம் 37-க்குப் பக்கத்தில் இறங்கினால் பிரசவம் நெருங்கிவிட்டது. ஒற்றைக் குட்டி மட்டும் இருந்தால் இந்தச் சமிக்ஞை பலவீனமாக இருக்கும்; நாள் உண்மையாகவே தள்ளிப்போகும். அங்கே பெரும்பாலும் சிசேரியன்தான் வழி.

ஆக்ஸிடோசின் என்ன செய்கிறது? கருப்பையைச் சுருங்கவைக்கிறது. வாய் திறக்காத நிலையிலோ, குட்டி குறுக்கே சிக்கிய நிலையிலோ அதை ஏற்றினால் கருப்பை கிழியக்கூடும். அளவு கூடினால் கருப்பை விடாமல் இறுகிக்கொள்ளும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போவது குறையும். உள்ளே குட்டிகள் மூச்சின்றிச் சாகும். முன்பு தாராளமாகக் கொடுத்துவந்த அளவை மருத்துவர்கள் இன்று வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். பல நாய்களுக்குக் கால்சியம் கொடுத்தாலே சுருக்கம் வலுப்பட்டுவிடும். அதையும் அவசரமாக நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதால் அதுவும் மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் அக்லிப்ரிஸ்டோன் என்ற மருந்தால், புரோஜெஸ்டிரோனின் வேலையைத் தடுத்துப் பிரசவத்தை வரவழைக்கிறார்கள். அங்கும் கருமுட்டை வெளிவந்த நாள் துல்லியமாகத் தெரிந்த நாய்களுக்கே அது பொருந்தும்.

ஊசியைத் தொடுமுன் நல்ல மருத்துவர் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார். எக்ஸ்ரேயில் குட்டிகளின் எண்ணிக்கையும் அளவும் கிடக்கையும். ஸ்கேனில் இதயத் துடிப்பு: நிமிடத்துக்கு 200-க்கு மேல் இருந்தால் நல்லது, 180-க்குக் கீழே இறங்கினால் குட்டி திணறுகிறது, 160-ஐயும் விட்டுக் குறைந்தால் ஊசிக்கு நேரமில்லை, அறுவை சிகிச்சைதான்.

அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டால், முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் கசிந்தால், ஒரு குட்டி வந்த பிறகு, உள்ளே இன்னும் குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரம் கடந்தால், வெப்பம் இறங்கி ஒரு நாள் ஆகியும் வலி வராவிட்டால், நடுராத்திரியானாலும் வண்டியை எடுங்கள். பக், புல்டாக் போன்ற தட்டை முக நாய்களுக்கு இந்த அவகாசம்கூட வேண்டாம். மருத்துவரிடம் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

55 நாள் தாண்டியதும் ஓர் எக்ஸ்ரே எடுத்து, எத்தனை குட்டி என்பதைக் காலண்டரில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே மருத்துவரின் எண்ணையும் எழுதுங்கள். வீட்டில் ஆக்ஸிடோசின் பாட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.