எடையால் எண்ணுதல்

லூதியானாவின் சைக்கிள் உதிரிபாகப் பட்டறைகளிலும், ஜாம்நகரின் பித்தளைக் கூடங்களிலும் திருகாணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது? அள்ளித் தராசில் இட்டால் எண்ணிக்கையே எண்ணாகத் தெரிந்துவிடுகிறது. அத்தகைய இடங்களில் சரக்கறை பார்ப்பவராகவோ பொட்டலம் கட்டுபவராகவோ இருக்கும் நம்மவர் இந்த டிஜிட்டல் தராசின் இயல்பை அறிந்திருத்தல் மிக அவசியம். எண்ணிக்கை குறைந்தால் பழி தராசின்மேல் விழுவதில்லை.

என் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வடநாட்டுத் தொழிற்கூடம் ஒன்றில், கையால் எண்ணி அவரிடம் ஒப்படைத்த 1000 திருகாணிகளை, வெளியனுப்பும்போது தராசு 967 என்று காட்டிற்று. குறைந்த 33க்கும் அவர் கூலியில் பிடித்தார்கள். அவர் ஒன்றையும் தொட்டவரல்லர்.

தராசு பொருள்களைக் கண்ணால் காண்பதில்லை. தட்டின் கீழுள்ள உலோகக் கட்டை, பாரத்தால் கண்ணுக்குப் புலப்படாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பின்னலின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அம்மாறுதலே எடையாகக் கணிக்கப்படுகிறது. எண்ணிக்கை வேண்டுமாயின், நாம் முதலில் சில உருப்படிகளை எண்ணி இட்டு, ‘இவை இத்தனை’ என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். ஒன்றின் எடையை அது வகுத்து வைத்துக்கொள்ளும். பின்னர் இடும் மொத்த எடையை அதனால் வகுத்து விடை கூறும்.

பிழை புகும் இடம் அந்த மாதிரிதான். உறவினரின் திருகாணி ஒன்றின் எடை 1.16 கிராம். தராசோ ஒரு கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாதது. மாதிரிக்கு இட்டவை 10. அவற்றின் எடையாகிய 11.6 கிராமைத் தராசு 12 என்று கொண்டது. ஆகவே ஒன்றுக்கு 1.2 கிராம் ஆயிற்று. 1000 திருகாணிகளின் எடை 1160 கிராம், அதை 1.2ஆல் வகுத்தால் 967! மாதிரிக்கு 100 இட்டிருந்தால் 116 கிராம், கணக்கு நேராகியிருக்கும். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டி, பெட்டியையும் கையால் எண்ணச் செய்த பின்னரே பிடித்த கூலி அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

நம் பொற்கொல்லர் குன்றிமணியை எண்ணி எடை கண்டனர். இங்கே எடையைக் கொண்டு எண்ணுகிறோம். விதைகள் ஒத்திருத்தல் அவர்க்கு எவ்வளவு முக்கியமோ, உருப்படிகள் ஒத்திருத்தல் நமக்கும் அவ்வளவு முக்கியம். நாணயங்களையே பாருங்கள். 1992இல் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய்க் காசு 4.85 கிராம், 2011இல் வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம்; அதே ஆண்டின் இரண்டு ரூபாயோ மீண்டும் 4.85 கிராம்! கலந்து கிடக்கும் காசுகளை நிறுத்துக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. திருகாணியிலும் முலாம் பூசியதையும் பூசாததையும், வெவ்வேறு வார்ப்பில் வந்தவற்றையும் ஒன்றாக நிறுத்தலாகாது.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தராசின் ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, வெற்றுக் கிண்ணத்தின் எடையைக் கழித்த பின்னரே மாதிரியை இடுக. பொருள் மிகச் சிறிதாயின் மாதிரியைப் பெருக்குக.

தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதே என்று சிலர் வாதிப்பர். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி இடப்படும் அம்முத்திரை எடைக்கு மட்டுமே உறுதி கூறும். மாதிரிக்குப் பத்து இட்டோமா, நூறு இட்டோமா என்பது அதற்குத் தெரியாது.