பட்டரியைக் குடிக்கும் பள்ளத்தாக்கு

2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது, இலங்கையின் பதுளை மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகள் பாடம் படிக்கக் காட்டுக்குள் போனார்கள். மலையுச்சியில், மரத்தின் மேல் சுமார் 30 அடி உயரத்தில் ஒரு குடில் இருந்தது. இன்டர்நெட் அங்கேதான் கிடைத்தது. பெரியவர்கள் துணைக்கு வர, பிள்ளைகள் முறைவைத்துப் பாடங்களை இறக்கிக்கொண்டார்கள். போஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் புதருக்குள் நடந்து பாறை மேட்டில் ஏறினார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் இந்தக் காட்சிகளைப் படம்பிடித்துப் போட்டன.

சிக்னல் இல்லாத குறை அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதே குறை போனின் பட்டரியையும் தின்றுகொண்டிருப்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலைக் கேட்கலாம். பழி பெரும்பாலும் போன் கம்பனி மேலோ, கடைசியாக வந்த அப்டேட் மேலோ விழும். அப்டேட் குற்றவாளியாக இருப்பதும் உண்டுதான். ஆனால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பள்ளத்தாக்கை.

போன் சும்மா கிடக்கும்போதும் டவரோடு தொடர்பை விடுவதில்லை. தான் எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்கும். டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லிய குரல் போதும். நடுவில் ஒரு மலை மறித்து நின்றால், இந்த மலையிலிருந்து அந்த மலையில் கொழுந்து பறிப்பவரைக் கூப்பிடுவதைப் போலத் தொண்டை கிழியக் கத்தவேண்டும். ஒரு 4ஜி போன் அதிகபட்சமாக அனுப்பும் சக்தி சுமார் 200 மில்லிவாட். நல்ல சிக்னலில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அந்த 200 மில்லிவாட்டை வெளியே தள்ளுவதற்குப் பட்டரியிலிருந்து அதைவிடப் பல மடங்கு சக்தி போகும். சிக்னல் அடியோடு அறுந்துவிட்டால் போன் ஒவ்வோர் அலைவரிசையாகத் தேடத் தொடங்கும். அதுவும் பட்டரிக்குச் செலவுதான்.

திரையின் மூலையில் தெரியும் கோடுகள் இதற்குச் சரியான அளவுகோல் ஆகாது. அவற்றை ஒவ்வொரு கம்பனியும் தன் கணக்குப்படி வரைகிறது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், சிம் விபரத்தைத் திறந்தால் சிக்னல் வலிமை ஓர் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 115 என்றால் விளிம்பில் நிற்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 30 டெசிபெல்தான் என்றாலும், டெசிபெல் கணக்கில் பத்துக்குப் பத்து மடங்கு என்பதால் அது ஆயிரம் மடங்கு வித்தியாசம். நகரத்தில் ஒரு நாள் தாங்கும் போன் தோட்டத்து டிவிசனில் மத்தியானத்துக்குள் படுத்துவிடுவதற்கு இதுவே போதும். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் தகரக் கூரை ரேடியோ அலையைத் திருப்பிவிடுவதால், வாசலில் ஓர் எண்ணும் உள்ளறையில் வேறோர் எண்ணும் காட்டும். போனை இரவில் எந்த மூலையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே காலையில் மிச்சமிருக்கும் சார்ஜ் மாறிவிடும்.

மலையில் வேலை செய்பவருக்கு இன்னொரு கேடும் சேர்கிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, போனைத் தானாகத் தூங்கவைக்கும் 'டோஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், போன் அசையாமல் கிடந்தால் செயலிகளின் பின்னணி வேலைகளை அது நிறுத்திவைக்கும். அடுத்த ஆண்டின் ஆண்ட்ராய்டு 7, சட்டைப்பையில் நகரும் போனுக்கும் ஓர் அரைத்தூக்கத்தைக் கொடுத்தது. ஆழ்ந்த தூக்கத்துக்கு இன்னமும் போன் அசையாமல் இருக்கவேண்டும். மேசைமேல் போனை வைத்துவிட்டு வேலை பார்ப்பவருக்கு இது பொருத்தமான ஏற்பாடு. காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மாலை கொழுந்து நிறுக்கும்வரை மேடும் பள்ளமுமாக நடக்கிறவரின் மடியில் உள்ள போனுக்கு அந்த ஆழ்ந்த தூக்கம் வாய்ப்பதே இல்லை.

இங்கேதான் பீட்டா மென்பொருளின் கதை வருகிறது. எல்லோருக்கும் கொடுக்குமுன், விரும்பிச் சேர்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கும் முன்பதிப்புதான் பீட்டா. கூகுள் தன் பிக்சல் போன்களுக்கும், அப்பிள் ஐபோன்களுக்கும் இப்படி வெளியிடுகின்றன. சாம்சங்கின் ஒன் யூஐ 7 பீட்டா 2024 டிசம்பரில் தொடங்கியபோது, ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா, பிரிட்டன், போலந்து, இந்தியா ஆகிய நாடுகளில் கிடைத்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. எந்த நிலத்தில் சோதிக்கிறார்களோ அந்த நிலத்தின் குறைகளே முதலில் அகப்படும். சிக்னல் மங்கிய பள்ளத்தாக்கு, தகரக் கூரை, நாள் முழுக்க அசையும் மடி ஆகியவை சோதனைக்குள் வராவிட்டால், அங்கே மட்டும் தலைகாட்டும் கோளாறு இறுதிப் பதிப்புக்குள் அப்படியே போய்விடும்.

சோதித்த பிறகும் பிழைகள் தப்பிவிடுகின்றன. 2023 கோடை முழுக்கப் பீட்டாவில் இருந்த ஐஓஎஸ் 17 செப்டம்பரில் வெளியானது. புதிய ஐபோன் 15 சூடேறுகிறது என்று முறைப்பாடுகள் குவிந்தன. ஐஓஎஸில் ஒரு பிழை இருப்பதையும், இன்ஸ்டாகிராம், ஊபர் போன்ற செயலிகளுக்கும் அதில் பங்கிருப்பதையும் அப்பிள் ஒப்புக்கொண்டு அக்டோபரில் திருத்தம் வெளியிட்டது. 2015இல் பேஸ்புக்கின் ஐபோன் செயலி பட்டரியைக் காலி செய்தபோது, அதன் பொறியியலாளர் ஆரி கிராண்ட் இரண்டு காரணங்களைச் சொன்னார். வலைத்தொடர்புப் பகுதியில் ஒரு நிரல் பதில் வரும்வரை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வீடியோ பார்த்து வெளியேறிய பிறகும் சத்தமே இல்லாமல் ஓர் ஒலி அமர்வு திறந்தே இருந்தது. 2025 மே மாதம் ஆண்ட்ராய்டில் இன்ஸ்டாகிராம் இதே வேலையைச் செய்ய, அப்டேட் செய்யும்படி கூகுளே பயனர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது.

அப்படியென்றால் குற்றவாளி பள்ளத்தாக்கா, செயலியா, பட்டரியா என்று எப்படிப் பிரித்தறிவது? புதிய பதிப்பு ஏறிய முதல் இரண்டு மூன்று நாட்களை விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் போன் செயலிகளை மறுபடி ஒழுங்குபடுத்தும், படங்களைத் திரும்ப அட்டவணை போடும். சூடும் செலவும் அப்போது கூடத்தான் செய்யும். அதன் பிறகு மூன்று இரவுகள் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே சார்ஜில் போனை வைத்துப் பார்க்கலாம். ஓர் இரவு வழக்கம்போல. அடுத்த இரவு விமானப் பயன்முறையில். மூன்றாம் இரவு சேஃப் மோடில். விமானப் பயன்முறையில் நல்ல போன் ஓரிரண்டு சதவீதத்துக்கு மேல் இழக்காது. அன்று மட்டும் செலவு விழுந்தால் காரணம் சிக்னல். நாமாகப் போட்ட செயலிகள் ஓடாத சேஃப் மோடிலும் விழுந்தால் ஏதோ ஒரு செயலி. எந்த இரவிலும் விழாவிட்டால் சந்தேகம் மென்பொருளின் மீதோ பட்டரியின் மீதோ திரும்பவேண்டும்.

பட்டரியின் வயது மலையகத்தில் லேசாக விடக்கூடிய விடயம் இல்லை. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு புதுப்போன் பலருக்கு எட்டாக்கனியானது, பழைய போன்களே ஓடின. லித்தியம் பட்டரி சில நூறு முறை முழுமையாக ஏறி இறங்கிய பின் அதன் கொள்ளளவு ஐந்தில் நான்கு பங்காகத் தேயும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழும். குளிரில் பட்டரியின் உள்தடை கூடும். புதிய பட்டரி அதைத் தாங்கும். தேய்ந்ததோ 20 சதவீதம் காட்டியபடியே அணைந்துவிடும். வெயில் ஏறியதும் அதே போன் உயிர்பெற்றால் அப்டேட்டைத் திட்டவேண்டியதில்லை, பட்டரியை மாற்றவேண்டியதுதான்.

சிக்னல்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், 4ஜிக்கும் 2ஜிக்கும் இடையில் போன் தாவிக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. தாவினால் எது நிலையாகக் கிடைக்கிறதோ அதிலேயே பூட்டிவைக்கலாம். தொடர்பே இல்லாத மலைக்குப் போகும்போது விமானப் பயன்முறை போதும். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் தாக்கி, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் உண்டானபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒன்றாகவே அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் மீதமுள்ள சார்ஜ் ஓர் உயிரையே காப்பாற்றலாம். அதனால் வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால் அதில் பீட்டா ஏற்றவே கூடாது. பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பும்போது பெரும்பாலும் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கவேண்டும்.

கையில் இரண்டாவது போன் இருக்கும் இளைஞர்களும் மலையகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சோதனையில் இறங்கவேண்டும். போனின் மென்பொருள் பீட்டா கிடைக்காவிட்டாலும், பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் பீட்டாவில் இடமிருக்கும்போது இலங்கையிலிருந்தே சேரலாம். அறிக்கையில் "பட்டரி நிக்கல" என்று மட்டும் எழுதினால் பொறியியலாளரால் ஒன்றும் செய்யமுடியாது. போனின் மாடல், பதிப்பு எண், சிக்னல் மைனஸ் எத்தனை, கூரை தகரமா ஓடா, எத்தனை மணிக்கு எத்தனை சதவீதம், மூன்று இரவுச் சோதனையில் என்ன தெரிந்தது, பட்டரிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பவேண்டும். போன் தானாகத் தயாரிக்கும் பிழை அறிக்கையில் சொந்த விபரங்களும் கலந்திருக்கும் என்பதால் அதைச் செயலியின் பின்னூட்டப் பகுதி வழியாக மட்டுமே அனுப்பவேண்டும், முகநூல் குழுக்களில் போடக்கூடாது.